சென்டம் வாங்கும் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுப்பது?



காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எல்லாப் பள்ளிகளிலும் ஆசிரியர் கூட்டம் நடக்கும். முப்பத்தைந்துக்குக் கீழே எத்தனை பேர், அவர்களுக்கு மாலை வகுப்பு யார் எடுப்பது, எந்தப் பாடங்களை மட்டும் படிக்க வைத்தால் தேறிவிடுவார்கள் என்று பேசிப் பேசியே கூட்டம் முடிந்துவிடும். அதில் தவறில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு நாதி கிடையாது. ஆனால் பட்டியலின் மேல்முனையில் தொண்ணூற்றெட்டும் சென்டமும் வாங்கிய நாலைந்து பெயர்கள் இருக்குமே, அவற்றைப் பற்றி ஒரே ஒரு பேச்சுதான் வரும்: "அதுங்க பாத்துக்கும் சார்." எதைப் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் கேட்பதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த நாலைந்து பேரைப் பற்றித்தான்.

'மீத்திறன் மாணவர்களிடம் வளர்ச்சி மனப்பான்மையை ஊக்குவித்தல்' என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. கொஞ்சம் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் எளிமையானது. அறிவு என்பது பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது, அதற்கு மேல் கூடாது என்று நம்புகிறவர்கள் உண்டு. உழைப்பாலும் நல்ல வழிமுறையாலும் பிறர் உதவியாலும் அது வளரும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது நம்பிக்கைக்குத்தான் வளர்ச்சி மனப்பான்மை என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக் 2006இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார்; அதன் பிறகு உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் இது நுழைந்துவிட்டது. நாம் இதைப் பெரும்பாலும் பின்தங்கிய பிள்ளையைத் தேற்றுவதற்கான ஆறுதல் வார்த்தையாகவே வைத்திருக்கிறோம். முதல் வரிசைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தோற்றுப் பழகிய பிள்ளைக்குத் தோல்வி புதிதல்ல. தோற்றே அறியாத பிள்ளைதான் முதல் அடியில் ஆடிப்போகிறது.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். மரியம் மிர்சாகானி. 1977இல் டெஹ்ரானில் பிறந்தவர். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 2017இல், நாற்பது வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. சிறுவயதில் கதைப் புத்தகங்களில் மூழ்கிக் கிடந்தவர். எழுத்தாளராக வேண்டும் என்றுதான் ஆசை. திறமையான பெண்பிள்ளைகளுக்காக டெஹ்ரானில் நடந்த ஃபர்சானேகான் பள்ளியில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தார். சேர்ந்த முதல் ஆண்டிலேயே கணக்கு அவருக்குச் சரியாக வரவில்லை. கணக்கு ஆசிரியருக்கு இவரிடம் பெரிய திறமை இருப்பதாகத் தோன்றவில்லை. மரியமுக்கும் கணக்கின்மீது இருந்த விருப்பம் விட்டுப்போயிற்று. மறு ஆண்டு வேறு ஆசிரியர் வந்தார், ஊக்கம் கொடுத்தார், பெண் எழுந்துகொண்டாள். அந்த வயதில் மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கப்போகும் மூளை, ஓராண்டு அலட்சியத்துக்கே அணைந்துபோகப் பார்த்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த பகுதி அடுத்து வருவது. மரியமும் அவருடைய தோழி ரோயா பெஹெஷ்தியும் – அவரும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியரானார் – ஒருநாள் ஒரு வினாத்தாளைக் கைப்பற்றினார்கள். சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடுக்கு ஈரானிய மாணவர்களைத் தேர்ந்தெடுக்க அந்த ஆண்டு நடந்த தேசியப் போட்டியின் தாள் அது. மொத்தம் ஆறு கேள்விகள். போட்டியாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் மூன்று மணி. இந்த இரண்டு பெண்களும் பல நாள் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை கண்டார்கள். நம் கணக்கில் இது என்ன? பாதி மதிப்பெண், அதுவும் நேரம் தாண்டி. மரியமுக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி: இந்த மாதிரிக் கேள்விகளில் ஒன்றிரண்டாவது தனக்கு வருகிறதே!

இருவரும் நேரே தலைமையாசிரியையிடம் போனார்கள். ஆண்கள் பள்ளியில் நடத்துவதுபோல எங்களுக்கும் சிக்கலான கணக்குகளுக்கு வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். ஈரானின் கணித ஒலிம்பியாட் அணியில் அதுவரை ஒரு பெண்கூடப் போனதில்லை. அந்த அம்மையார் அதை ஒரு தடையாகவே எடுத்துக்கொள்ளவில்லை; வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். 1994இல் ஹாங்காங்கில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் மரியம் 42க்கு 41 எடுத்துத் தங்கம் வென்றார்; மறு ஆண்டு கனடாவில் 42க்கு 42. இந்த மதிப்பெண்களைச் சொன்னால் நம் பெற்றோர் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். என் கண் அந்த ஆறுக்கு மூன்றின் மேல்தான் இருக்கிறது.

பெரிய ஆளான பிறகும் மரியம் தன்னை மெதுவாக யோசிக்கிறவள் என்றே சொல்லிக்கொண்டார். வீட்டில் தரையில் பெரிய பெரிய தாள்களை விரித்து, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார். அம்மா ஓவியம் தீட்டுகிறாள் என்றே அவருடைய சின்ன மகள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். நம் வகுப்பில் மெதுவாக யோசிப்பவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்போம் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

இனி ஆய்வுக்கு வருவோம். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் சுமாரான புதிர்களைக் கொடுத்தார்கள். நன்றாகச் செய்திருக்கிறாய் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். சிலரிடம் மட்டும் 'நீ புத்திசாலிதான்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் கூடுதலாக. வேறு சிலரிடம் 'நன்றாக முயன்றிருக்கிறாய்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். வேறுபாடு அவ்வளவே. அடுத்து என்ன செய்ய விருப்பம் என்று கேட்டபோது, முயற்சிக்காகப் பாராட்டுப் பெற்றவர்களில் பெரும்பான்மையோர் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளும் பணியைக் கேட்டார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பலர் தங்கள் கெட்டிக்காரத்தனம் குறையாமல் தெரிகிற எளிய பணியைக் கேட்டார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான தாள், எல்லோரும் தடுமாறினார்கள். மூன்றாவதாகப் பழைய தரத்திலேயே ஒரு தாள். முயற்சிக் கூட்டம் முன்பைவிட நன்றாகச் செய்தது. புத்திசாலிக் கூட்டம் முன்பு செய்ததைவிடவும் கீழே இறங்கிவிட்டது.

கடைசியில், வேறு பள்ளி மாணவர்களுக்குத் தங்கள் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வாங்கிய மதிப்பெண்ணையும் குறிப்பிட ஓர் இடம் வைத்தார்கள். பெயர் தெரியாத யாரோ ஒருவருக்கு எழுதுவது. அதிலும் புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டோம். அதைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நம் வீடுகளில் அந்தப் பட்டம் ஒரு வாக்கியத்தோடு நிற்பதில்லை. "இவனுக்குக் கணக்கு ரத்தத்துலயே இருக்கு", "படிக்கவே மாட்டா, ஆனா ஃபர்ஸ்ட் ரேங்க்", "அப்படியே தாத்தா மூளை". விருந்தாளி வந்தால் பிள்ளையை எதிரே நிற்கவைத்து இதைச் சொல்கிறோம். படிக்காமலே முதலிடம் என்பதுதான் நம்மிடம் மிக உயர்ந்த புகழ். அப்படிப் புகழப்பட்ட பெண், நாளைக்கு உண்மையிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டி வந்தால் அதை ஒளித்துச் செய்வாள். படிக்கிறாள் என்று தெரிந்தால் மூளை குறைவு என்று ஆகிவிடுமே. 2017இல் தமிழ்நாட்டு அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது; நல்ல முடிவு. ஆனால் பள்ளி வாசல்களில் ஃப்ளெக்ஸ் பேனர் இன்னும் இறங்கவில்லை. பன்னிரண்டு வயதில் பேனரில் ஏறிய முகம், பதினெட்டு வயதில் ஒரு கேள்விக்குத் 'தெரியவில்லை' என்று சொல்ல எவ்வளவு கூச்சப்படும்!

அறிவை அளக்கும் வேலையைத் தொடங்கிவைத்த மனிதரே இந்தப் பட்டத்தை விரும்பவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பிரான்சின் ஆல்ஃபிரெட் பினே 1905இல் முதல் அறிவுச் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க. ஒருவரின் அறிவு மாறாத அளவு என்ற எண்ணத்தை 1909இல் எழுதிய நூலில் கடுமையாகவே எதிர்த்தார். சோதனை அமெரிக்காவுக்குப் போனதும் கதை மாறிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி, மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்த ஏறத்தாழ 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அவர்களில் பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சோதித்துவிட்டு, மதிப்பெண் போதாது என்று விட்டுவிட்ட பையன்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் இயற்பியலுக்கு நோபெல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டத்தில் ஒருவருக்கும் நோபெல் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் ராமானுஜனைக் கூப்பிடாமல் முடியாது. நாமகிரித் தாயார் சொன்னார், அவர் எழுதினார் என்று கதையை முடித்துவிடுகிறோம். பக்தியில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் கும்பகோணத்தில் 1903 வாக்கில், பதினைந்து வயதுப் பையனின் கைக்கு வந்த நூல் எது தெரியுமா? ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம். கார் பெரிய மேதை அல்லர். கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சியாளர். இன்றைய பேச்சில் சொன்னால் டியூஷன் வாத்தியார் போட்ட நோட்ஸ்! அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருந்தன. நிறுவல்களோ இல்லை, அல்லது பெயருக்கு இருந்தன. நல்ல பாடநூலின் இலக்கணப்படி பார்த்தால் அது குறைபாடு. ராமானுஜனுக்கு அதுவே வாய்ப்பாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தானே நிறுவிப் பார்க்க வேண்டியிருந்தது. காகிதம் வாங்க வசதியில்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் போட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். இதை ஆண்டுக்கணக்கில் செய்தார். பிறவித் திறமை இல்லையா என்றால், இருந்தது. யாருக்கும் இல்லாத அளவு இருந்தது. அந்தத் திறமை முட்டிமோத ஒரு சுவரும் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் போவதற்கு முன்பு அவர் அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய பகா எண் முடிவுகளில் சில தவறு என்று ஹார்டி கண்டுகொண்டார். அதற்காக ராமானுஜனின் கணக்கு நின்றுவிடவில்லை.

ஹார்டி ஒருமுறை கணித அறிஞர்களின் இயற்கைத் திறமைக்கு மதிப்பெண் போட்டதாகச் சொல்வார்கள். ராமானுஜனுக்கு 100, ஹில்பர்ட்டுக்கு 80, லிட்டில்வுட்டுக்கு 30, தனக்கு 25. தனக்கே இருபத்தைந்து போட்டுக்கொண்ட மனிதர் கடையைக் கட்டிவிட்டுப் போகவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். வளர்ச்சி மனப்பான்மையை மந்திரமாக விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2018இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, மதிப்பெண்மீது இதன் விளைவு மொத்தத்தில் மிகச் சிறியது என்றே சொன்னது. 2019இல் 'நேச்சர்' இதழில் டேவிட் யேகர் குழுவினர் வெளியிட்ட பெரிய ஆய்வு இன்னும் நுட்பமானது. அமெரிக்காவில் 65 பள்ளிகள், ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். கணினி வழியாக, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு பாடம். பின்தங்கியவர்களின் மதிப்பெண் சற்றே உயர்ந்தது. முன்னணி மாணவர்களின் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் மறு ஆண்டு கடினமான கணிதப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடினார்கள். முன்னணி மாணவர்களிடமும் அந்தத் துணிவு கூடியது. கடினத்தை நாடுவதை உடன் படிக்கும் மாணவர்கள் ஏளனம் செய்யாத பள்ளிகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது.

எனக்கு இந்த முடிவு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஏற்கெனவே சென்டம் வாங்கும் பிள்ளைக்கு மதிப்பெண் எங்கே போய் ஏறும்? அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதில்தான் மாற்றம் தெரிய வேண்டும். தேர்ந்தெடுப்பதற்குக் கடினமான ஒன்று பள்ளியில் இருந்தால்தானே அது தெரியும்? 'மூளை வளரும்' என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் முடிக்கிற கணக்கையே ஆண்டு முழுக்கக் கொடுத்தால், அந்தப் பிள்ளை சுவரை நம்பாது. தன் அனுபவத்தைத்தான் நம்பும். அதே காரணத்தால், இரண்டு நிமிடத்தில் போட்ட கணக்குக்கு 'நல்லா உழைச்சிருக்கே' என்று தட்டிக்கொடுப்பதும் வீண். உழைக்கவில்லை என்று அவளுக்கே தெரியும். டுவெக்கே 2015இல் இப்படிப்பட்ட போலிப் பாராட்டைக் கண்டித்து எழுத வேண்டி வந்தது.

சீக்கிரம் முடிக்கும் பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுக்கிறோம். இல்லாவிட்டால் வகுப்புத் தலைவராக்கி மற்றவர்கள் நோட்டைத் திருத்தச் சொல்கிறோம். முதலாவது தண்டனை, இரண்டாவது சம்பளமில்லா வேலை.

அதற்குப் பதிலாக ஏழாம் வகுப்பில் இப்படி ஒரு கேள்வியைப் போடலாம். 15 என்ற எண்ணை 7+8 என்று அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுதலாம். 4+5+6 என்றும் எழுதலாம். 1+2+3+4+5 என்றும் எழுதலாம். எல்லா எண்களையும் இப்படி எழுத முடியுமா? கூட்டல் தெரிந்தால் போதும், யாரும் தொடங்கலாம். கெட்டிக்காரப் பையன் வேகமாகப் போய் 8இல் நிற்பான். "சார், எட்டு வரல." பார்க்கலாமே, வேறு எது வரவில்லை? 4 வரவில்லை, 16 வரவில்லை. மறுநாள் 32ஐயும் கொண்டுவருவான். இப்போது அவனுக்கு வடிவம் தெரிந்துவிட்டது. ஏன் என்று கேளுங்கள். அங்கேதான் அவன் வாழ்க்கையில் முதல்முறையாக நிற்கப்போகிறான். அன்று சாயங்காலம் முடியாது. ஒரு வாரம்கூட ஆகலாம். இடையில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "சார், இது சிலபஸ்ல இருக்கா?" இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும்.

விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. "எத்தனை எண்களைக் கூட்டுகிறாய், முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்தால் என்ன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும் பெருக்கினால் கூட்டுத்தொகையின் இரு மடங்கு வரும். இரண்டில் ஒன்று எப்போதும் ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை என்று அவன் கண்டால், ஒன்றைத் தவிர வேறு ஒற்றைப்படை வகுத்தியே இல்லாத 2, 4, 8, 16 ஏன் மாட்டவில்லை என்பது அவனுக்கே விளங்கும். விளங்காவிட்டாலும் பாதகமில்லை. என்னென்ன முயன்றான், எந்த வழி எங்கே அடைத்தது என்பதை நோட்டில் எழுதியிருந்தால் நம் நோக்கம் பாதி நிறைவேறிவிட்டது. அந்தப் பக்கத்துக்குக் கீழே மதிப்பெண் போடாதீர்கள். "இந்த மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது, ஏன் விட்டுவிட்டாய்?" என்று ஒரு வரி எழுதுங்கள். சென்னை ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய கணக்காசிரியர் பி.கே. சீனிவாசன் இப்படிப்பட்ட கேள்விகளோடுதான் பிள்ளைகளிடம் போனார். செய்து பார்க்கும் கணக்கைக் கண்காட்சியாகவே நடத்திக் காட்டினார். இந்த வழி நம்மிடம் புதிதல்ல.

நீட்டுக்கும் ஜேஇஇக்கும் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தேர்வுகளில் வென்று போகும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாப் பள்ளிகளின் முதல் மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். யாராவது கடைசியில் வந்துதான் ஆக வேண்டும். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலேயே இதைக் காட்டினார்: ஒரே திறமையுள்ள மாணவர், தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் தன்னைப் பற்றிய மதிப்பைக் குறைத்துக்கொள்கிறார். பதினெட்டு வயதில், விடுதி அறையில், வீட்டாரிடம் சொல்லவும் வழியில்லாமல் முதல் அடியை வாங்குவதைவிட, பன்னிரண்டு வயதில் தெரிந்த ஆசிரியர் முன்னால் ஓர் எட்டிலும் பதினாறிலும் வாங்கிப் பழகுவது எவ்வளவோ மேல். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். அங்கே தடுமாறும்போது 'நான் இந்த இடத்துக்கு உரியவனில்லை' என்ற எண்ணம் அவனுக்குத்தான் சீக்கிரம் வரும்.

முடிக்கும் முன் இங்கே வந்திருக்கும் அறக்கட்டளையின் அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவருக்குப் பரிசு தருகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதே தொகையில் இன்னொரு பரிசு வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை யார் வேண்டுமானாலும் ஒரு நோட்டைக் கொடுக்கலாம். ஒரே ஒரு கணக்கு, அல்லது ஓர் அறிவியல் கேள்வி. ஒரு பருவம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டிய குறிப்புகள். விடை கிடைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். நடுவர்கள் அடித்து எழுதிய பக்கங்களை முதலில் படிக்கட்டும். தேர்வான நோட்டைப் பள்ளி நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளை அதே கணக்கை அங்கிருந்து தொடரலாம். பேனரில் மட்டும் படம் போட வேண்டாம்.

முதல் ஆண்டு நோட்டுகளைப் படித்துத் தர நான் தயார்.